அறுபத்து நாலு சென்ட்டும் இரண்டு பிள்ளைகளும்

வீரவநல்லூருக்கும் காருக்குறிச்சிக்கும் நடுவில் ஒரு சிற்றூர். புரட்டாசி மாதம். கார் அறுவடை முடிந்து வயல்கள் அறுத்த தாளோடு கிடந்தன. கன்னடியன் கால்வாயில் கணுக்காலளவு தண்ணீர். திண்ணையில் கால் நீட்டி, மடியில் சுளவை வைத்துக்கொண்டு அந்தப் பெண் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். வயது முப்பது இருக்கும். நனைத்து வைத்த இலையை எடுப்பது, தகட்டை வைத்து வெட்டுவது, தூளைத் தூவி உருட்டுவது, நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவது எல்லாம் பேச்சுக்கு நடுவே விரல்கள் தாமாகச் செய்துகொண்டிருந்தன. மூன்றரை வயதுப் பையன் அம்மாவின் முதுகில் சாய்ந்து நூல்கண்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் கை புகையிலைத் தூளில் பட்டுவிடாமல் அவர் முழங்கையாலேயே அவனைத் தள்ளித் தள்ளி விட்டார். நாலாம் வகுப்புப் படிக்கும் மூத்தவள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள்.

கணவர் லாரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் விபத்தில் போய்விட்டார். நான் போனது வேறொரு வேலையாக. காகிதம் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வந்திருக்கிறார் என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொல்ல, அவர் உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்துவந்தார். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூன்று ஆதார் அட்டைகள், ரேஷன் கார்டு, மூத்தவளின் பள்ளிச் சான்று, வங்கிப் புத்தகம், இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிய ரசீது. எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். நகல்களை வாழைநார் போட்டுத் தனியாகக் கட்டியிருந்தார். கடைசியாக வந்தது வருமானச் சான்று. அதில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ.84,000 என்று இருந்தது.

“பீடில இவ்வளவு வருதாம்மா?” என்று கேட்டேன்.

“எங்க வருது அண்ணாச்சி. நாளைக்கு அறுநூறு எழுநூறு சுத்துவேன். வாரத்துக்கு ஆயிரத்து இருநூறு கைல வந்தா அது நல்ல வாரம். வயல் இருக்குல்லா, அதையும் சேத்துத்தான் எழுத முடியும்னு சொல்லிட்டாவ.”

“வயல் யார் பேர்ல இருக்கு?”

“எங்க மாமா பேர்லயும் சின்ன மாமா பேர்லயும். அறுபத்து நாலு சென்ட்டு. பொங்கலுக்கு ஒரு மூடை நெல் அனுப்புவாவ. போன வருசம் அதுவும் இல்ல.”

அவர் கேட்டிருந்தது பெரிய உதவி இல்லை. பெற்றோரில் ஒருவரையோ இருவரையோ இழந்து, உறவினரிடமோ தாயிடமோ வளரும் பிள்ளைகளுக்காக மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் மாதம் ரூ.4,000 நிதி ஆதரவு உண்டு. ஒன்றிய, மாநில அரசுகள் 60க்கு 40 என்ற பங்கில் இதற்குச் செலவிடுகின்றன. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு விசாரித்து, அதற்கான குழு ஒப்புதல் தர வேண்டும். வறுமையால் பிள்ளை விடுதிக்கோ இல்லத்துக்கோ வேலைக்கோ போய்விடாமல் சொந்த வீட்டிலேயே வளரட்டும் என்பதுதான் நோக்கம். நல்ல திட்டம். முன்பு மாதம் 2,000 ஆக இருந்ததை 2022 வழிகாட்டுதல்களில் 4,000 ஆக உயர்த்தினார்கள். ஆனால் அதே வழிகாட்டுதல்களில் ஒரு கோடு போடப்பட்டிருக்கிறது. கிராமத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ.72,000க்கு மேல் போகக் கூடாது. மற்ற இடங்களில் ரூ.96,000.

எழுபத்திரண்டாயிரம் என்றால் மாதம் ஆறாயிரம். இது எவ்வளவு தாழ்ந்த கோடு என்று பார்க்க, அரசின் இன்னொரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி ரூ.336. அந்தக் கூலியில் ஒருவர் 215 நாள் வேலை பார்த்தால் 72,240 ரூபாய். அதாவது, அரசே மிகக் குறைந்த கூலி என்று வைத்திருக்கும் தொகையில், வாரத்துக்கு நாலு நாளும் கொஞ்சமும் உழைக்கிற ஒரு தாய், தன் பிள்ளைக்கு உதவி கேட்கும் தகுதியை இழந்துவிடுகிறார். உழைக்காமல் இருந்தால் உதவி, உழைத்தால் இல்லை என்று யாரும் நினைத்து இந்த விதியை எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் விதி அப்படித்தான் வேலை செய்கிறது.

கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள். சான்றில் 71,000 என்று இருக்கும் வீட்டில் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 48,000 ரூபாய் வருகிறது. 73,000 என்று இருக்கும் வீட்டில் ஒன்றும் வராது. என்னிடம் பையைப் பிரித்துக் காட்டிய பெண்ணின் வீட்டில் பீடி வருமானத்தை மட்டும் எழுதியிருந்தால், ஒவ்வொரு வாரமும் நல்ல வாரமாகவே வைத்துக்கொண்டாலும், 62,400தான் வரும். கோட்டுக்குள் இருந்திருப்பார். அவரைக் கோட்டைத் தாண்டி நிறுத்தியது அந்த அறுபத்து நாலு சென்ட்.

இந்தத் திட்டத்தின் விதி வருமானத்தைத்தான் கேட்கிறது, சொத்தைக் கேட்கவில்லை. சொத்து உள்ளே நுழைகிற வாசல் வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் பதிந்த மனு கிராம நிர்வாக அலுவலருக்குப் போகிறது. அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், பிறகு வட்டாட்சியர் அலுவலகம். கூலி வேலைக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. பீடிக்கு ஒரு பாஸ் புத்தகம் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரியின் பாஸ் புத்தகத்தில் சேர்ந்து சுற்றுகிறவர்களுக்கு அதுவும் இல்லை. அப்போது அலுவலர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஒரே எழுத்துப்பூர்வமான சாட்சி, நிலப் பதிவேடு. அதில் குடும்பப் பெயர் இருக்கிறது. நஞ்சை என்றும் இருக்கிறது. நஞ்சை என்றால் நெல், நெல் என்றால் வருமானம். பதிவேட்டில் இருப்பதை விட்டுவிட்டுச் சான்று எழுதினால் நாளைக்குத் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்த யாருக்கும், பட்டாவில் இருக்கும் நிலத்துக்கும் வீட்டு அடுப்புக்கும் உள்ள தூரம் தெரியும். கோடைமேலழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களை நம்பிக் கார், பிசானம் என்று இரண்டு பூ. நிலத்தைச் சென்ட்டிலும் ஏக்கரிலும் அளப்பதற்கு முன்னால் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று அளந்த ஊர்கள் இவை. இங்கே ஒரு கோட்டை விதைப்பாடு மூன்று தலைமுறையில் பத்துப் பேருக்குப் பங்காகியிருக்கும். பத்திரம் தாத்தா பேரில், பட்டா கூட்டுப் பட்டா, அனுபவம் ஒரு சித்தப்பாவிடம், வெள்ளாமை வாரத்துக்கு விட்ட இன்னொருவரிடம். மூத்த மகன் சென்னையில், அடுத்தவர் துபாயில். பாகம் பிரிக்கலாம் என்று பேச்செடுத்தால் உறவு முறியும் என்று பத்து வருடமாகப் பேச்சே எடுக்காத வீடுகள் எனக்குத் தெரிந்தே எத்தனையோ உண்டு. இந்த நிலையில் ஒரு மகன் இறந்துபோனால், அவன் மனைவிக்கு அந்த வயலில் என்ன இருக்கிறது? மாமனார் மனது வைத்தால் ஒரு மூடை நெல்.

சட்டப்படி பார்த்தாலும் நிலைமை இதுதான். அந்த நிலம் மாமனார் சுயமாகச் சம்பாதித்து வாங்கியது என்றால், அவர் உயிரோடு இருக்கும்வரை இறந்த மகனின் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ அதில் எந்த உரிமையும் கிடையாது. பூர்வீகச் சொத்து என்றால் பங்கு உண்டு; அந்தப் பங்கைக் கேட்டு வாங்க வழக்குப் போட வேண்டும், வருடக்கணக்கில் நடக்க வேண்டும். சரி, எல்லாரும் ஒத்துப்போய்ப் பாகம் பிரித்துப் பிள்ளைகளின் பங்கைப் பிள்ளைகள் பேரிலேயே எழுதிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அதை விற்றுச் சோறு போடத் தாயால் முடியாது. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956, பிரிவு 8 சொல்கிறது: மைனர் பிள்ளையின் அசையாச் சொத்தை இயற்கைக் காப்பாளர் விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். பிள்ளையின் சொத்தைப் பெரியவர்கள் தின்றுவிடக் கூடாது என்று போட்ட வேலி அது. இருக்க வேண்டிய வேலிதான். ஒரு சட்டம் இந்தச் சொத்தைத் தொடாதே என்கிறது. ஒரு மேஜை உனக்குச் சொத்து இருக்கிறதே என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது எட்டு வயதுப் பிள்ளை.

மேலப்பாளையத்துக்குப் போனால் இதே கேள்வி இன்னொரு உருவத்தில் வரும். முஸ்லிம் வாரிசுரிமை முறையில், தந்தைக்கு முன்பே மகன் இறந்துவிட்டால், தாத்தாவுக்கு வேறு மகன் இருக்கும் நிலையில் பேரப்பிள்ளைக்குத் தாத்தாவின் சொத்தில் வாரிசுப் பங்கு வராது. தாத்தா விரும்பி உயிலாகவோ ஹிபா என்னும் கொடையாகவோ எழுதிவைத்தால் உண்டு. ஆகவே அந்தப் பிள்ளை தாத்தாவின் மாடி வீட்டில் ஓர் அறையில் வளரலாம். அந்த வீட்டில் அதற்கு ஒரு செங்கல் கூடச் சொந்தமில்லாமல் இருக்கலாம். விசாரணைக்கு வருகிறவரின் கண்ணில் படுவது மாடி வீடு.

கண்ணில் படுவதை வைத்து ஏழையை அளக்கும் பழக்கம் நம் கணக்கெடுப்புகளிலும் ஊறிப்போயிருக்கிறது. 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில், இரு சக்கர மோட்டார் வாகனம் இருந்தாலோ குளிர்சாதனப் பெட்டி இருந்தாலோ அந்தக் குடும்பம் தானாகவே ஏழைப் பட்டியலுக்கு வெளியே போய்விடும் என்று வைத்தார்கள். செத்துப்போன கணவரின் மோட்டார் சைக்கிள் வீட்டு வாசலில் தூசி படிந்து நிற்கும். தவணை பாக்கி இருக்கும். தமிழ்நாட்டு வீடுகளில் இன்னொரு விஷயமும் உண்டு. கலர் டிவி, மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, மூத்தவனின் லேப்டாப், மூத்தவளின் சைக்கிள் என்று பார்க்கிற பாதிப் பொருள் அரசு கொடுத்தது. சில இடங்களில் சுவரும் கூரையும்கூட அரசு வீட்டுத் திட்டத்தில் வந்தவை. அரசு கொடுத்ததை எண்ணி, அதனால் உனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது.

இந்தப் பள்ளத்தாக்குக்கு இதில் பேச ஒரு தனி உரிமை இருக்கிறது. அந்தப் பெண்ணின் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே சேரன்மகாதேவி. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் கார் நின்றது, அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் பள்ளிக்கூடம் போகவில்லையா என்று அவர் கேட்டார், போனால் சோறு யார் தருவார் என்று ஒரு பையன் திருப்பிக் கேட்டான் என்று ஒரு நிகழ்வை நெல்லைக்காரர்கள் மூன்று தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். அதிலிருந்துதான் மதிய உணவுத் திட்டம் பிறந்தது என்பது நம் ஊர்ப் பெருமை. 1956இல் அந்தத் திட்டம் தொடங்கியது. நம் பெரியவர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு விஷயத்தைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள், அது அவ்வளவு இயல்பாகத் தோன்றியதால். அந்தப் பையனிடம், உன் அப்பனுக்கு எத்தனை மாடு, இந்த மாடு யாருடையது என்று யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை.

இதே சேரன்மகாதேவியில் இன்னொரு சம்பவமும் உண்டு. வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்ற விவகாரம் 1924-25இல் தமிழ்நாட்டையே உலுக்கியது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய அந்தக் கேள்வி சாதியைப் பற்றியது. நான் பேசும் விஷயம் வேறு. ஆனாலும் சோற்றுக்கு முன்னால் பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைக்கக் கூடாது என்று இந்த மண்ணில் நூறு வருடத்துக்கு முன்பே வாதாடி ஜெயித்திருக்கிறோம் என்ற நினைவு எனக்கு வராமல் இல்லை.

பிறகு வந்தவர்களும் அந்த வழியிலேயே போனார்கள். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கினார். 1997இல் ஒன்றிய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தபோது தமிழ்நாடு எல்லோருக்கும் என்பதில் நின்றது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவில் வருமானச் சான்று கேட்பதில்லை. 2021இலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இந்தப் பெண் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் திங்கட்கிழமை குறைதீர் நாளுக்காகக் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கும் எத்தனையோ முறை போய்வந்தது அந்தப் பேருந்துகளில்தான். நடத்துநர் அவரிடம் உனக்கு வயல் இருக்கிறதா என்று கேட்கவில்லை. ரேஷன் கடையில் கேட்கவில்லை. மகளுக்குப் பள்ளியில் காலையில் கிச்சடியும் மதியம் முட்டையும் வைக்கும்போது கேட்கவில்லை. எல்லோருக்கும் திறந்திருக்கும் கதவு, அப்பா இல்லாத பிள்ளை என்று வரும்போது மட்டும் பூட்டிக்கொள்கிறது. அங்கே மட்டும் சென்ட்டுக் கணக்கு.

உச்ச நீதிமன்றமும் இதைச் சொல்லியிருக்கிறது. உணவு உரிமை வழக்கில், 2004 அக்டோபர் 7 அன்று பிறப்பித்த உத்தரவில், அங்கன்வாடித் திட்டத்தில் சேர வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பதைத் தகுதியாக வைக்கக் கூடாது என்று தெளிவாகக் கூறியது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்பதே தகுதி. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அங்கன்வாடிக்குப் பொருந்தும் நியாயம், அந்தப் பிள்ளை ஏழு வயதாகி அப்பாவை இழந்ததும் பொருந்தாமல் போவது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

பணம் ஒரு பக்கம். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது இன்னொரு பக்கம். திண்ணையில் அந்தப் பையன் புகையிலைத் தூளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அங்கன்வாடி பிற்பகலோடு முடிந்துவிடுகிறது. மறுநாள் கடையில் ஒப்படைக்க வேண்டிய பீடி முடிவதில்லை. 2025 வரை நடப்பில் இருந்த 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் குழந்தைகள் காப்பகம் பற்றிப் பேசியது. ஆனால் அது பேசியது தொழிற்கூடத்தைப் பற்றி: குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் வேலை பார்க்கும் கூடமென்றால் காப்பகம் வேண்டும். நெல்லைச் சீமையில், முக்கூடலிலும் பேட்டையிலும் மேலப்பாளையத்திலும் வீரவநல்லூரிலும், பீடி வீட்டுக்குள் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. வீட்டில் சுற்றுகிறவருக்கு வீடே கூடம். காப்பகம் வைக்க வேண்டிய முதலாளி எங்கோ இருக்கிறார். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்று மருத்துவமனை உண்டு, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. அந்த உதவித்தொகைக்கும் குடும்ப வருமானம் மாதம் பத்தாயிரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்குப் பணம் தந்துவந்த பீடி மீதான செஸ் வரியும் 2017இல் ஜிஎஸ்டியோடு போய்விட்டது.

மலைக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களில், நிலைமை வேறாக இருந்தது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 12ஆம் பிரிவு, ஐம்பதோ அதற்கு மேலோ பெண்கள் வேலை பார்க்கும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வைக்கச் சொன்னது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மலைமேல் வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தியது. உனக்குச் சொத்து உண்டா என்ற கேள்வி அதில் இருக்கவில்லை. அம்மா கொழுந்து பறிக்கப் போகிறாள், ஆகவே பிள்ளையை யாராவது பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929இல் 99 வருடக் குத்தகையாக எடுக்கப்பட்ட அந்த மலை, 2028இல் குத்தகை முடியும் முன்பே, 2024இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுக்கப்பட்டுக் காலியாகத் தொடங்கியது. நாலு தலைமுறையாக லயன் வீட்டில் இருந்து, ஒரு சென்ட் கூடச் சொந்தமில்லாமல் மணிமுத்தாறுக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இறங்கிவந்த குடும்பங்களிடம் இப்போது இருப்பது ஒரு வங்கிக் கணக்கும் அதில் அந்த ஓய்வுத் தொகையும். அந்தத் தொகையைச் சொத்து என்று யாராவது எண்ண ஆரம்பித்தால், வீடும் வேலையும் காப்பகமும் ஒரே நேரத்தில் போனவர்களை வசதியானவர்கள் என்று எழுத வேண்டிவரும். அப்படி எழுதாமல் இருக்க இப்போதே தெளிவான உத்தரவு தேவை.

அரசிடம் பணம் குறைவு, அதனால் மிக ஏழைகளுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று சொல்பவர்களின் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. பத்து ஏக்கர் நஞ்சையும் காரும் வைத்திருக்கிறவர் இதை வாங்கிக்கொண்டு போனால் எனக்கும் கோபம் வரும். ஆனால் அப்படிப்பட்டவர்களைத் தடுக்க வேறு சல்லடை இருக்கிறது. அதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பயன்படுத்தியும் இருக்கிறது. 2023இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையில் ஆண்டு வருமான வரம்பு ரூ.2.5 லட்சம். நிலம் என்றால் ஐந்து ஏக்கர் நஞ்சை அல்லது பத்து ஏக்கர் புஞ்சை. மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட். அந்தத் திட்டத்திலும் தகுதியிருந்தும் விடுபட்டவர்களின் குறைகள் உண்டு. ஆனாலும் கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அறுபத்து நாலு சென்ட் அங்கே ஒரு பொருட்டே இல்லை. பெரியவருக்கு மாதம் ஆயிரம் கொடுக்க ஐந்து ஏக்கர் வரை பொறுத்துக்கொள்ளும் அரசு, தகப்பன் இல்லாத பிள்ளைக்குக் கொடுக்க ஒரு ஏக்கருக்கும் குறைவான கூட்டுப் பட்டாவில் தடுக்கி விழுகிறது. ஒரே வீட்டில், ஒரே ரேஷன் கார்டில், அம்மா தகுதியானவர், பிள்ளை தகுதியற்றது.

சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியங்களில் நிலைமை இன்னும் இறுக்கம். ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு அசையாச் சொத்தின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நாற்கர சாலையும் கல்லூரிகளும் வந்தபின் நெல்லையைச் சுற்றி ஒரு சென்ட் என்ன விலை போகிறது என்று இதைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒழுகும் ஓட்டு வீட்டின் கீழே இருக்கும் மண் விலை ஏறியதற்காக, அந்த ஓட்டுக்குக் கீழே இருக்கிறவர் பணக்காரர் ஆகிவிடவில்லை.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் அமெரிக்காவின் உதாரணம் நமக்குப் பயன்படும். வேலைக்குப் போகும் ஏழைப் பெற்றோரின் பிள்ளைகளைக் காப்பகத்தில் விட அங்கே கூட்டாட்சி அரசு உதவுகிறது. 2014இல் அந்தச் சட்டத்தைப் புதுப்பித்தபோது சொத்து வரம்பு ஒன்றை முதன்முறையாகச் சேர்த்தார்கள். வரம்பு பத்து லட்சம் டாலர். அதற்கு மேல் சொத்து இல்லை என்று குடும்பத்தில் ஒருவர் உறுதி சொன்னால் போதும். தென்னாப்பிரிக்காவில் 1998இலிருந்து குழந்தை ஆதரவு மானியம் தருகிறார்கள். தனியாக வளர்ப்பவரின் வருமானம் மானியத் தொகையைப் போலப் பத்து மடங்கு வரை இருக்கலாம். நம் திட்டத்தில் 4,000த்தைப் பத்தால் பெருக்கினால் மாதம் நாற்பதாயிரம். அவ்வளவு கேட்கவில்லை. ஆறாயிரத்தில் நிற்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருந்தது. தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் மாதம் 20 ரூபாய், பன்னிரண்டாயிரம் வரை வருமானம் உள்ளவர்கள் 100, அதற்கு மேல் 200 என்று கட்டணம் வைத்தார்கள். வருமானம் பார்த்து யாரையும் திருப்பி அனுப்பவில்லை, கட்டணத்தைத்தான் மாற்றினார்கள். இப்போது அந்த இடத்தில் வந்திருக்கும் பால்னா திட்டத்தில், அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்களுக்குத் தாய் வேலைக்குப் போகிறாரா என்ற நிபந்தனைகூட இல்லை. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன. பீடி சுற்றும் ஊர்களில், மணிமுத்தாறு பக்கம் குடியேறியவர்கள் இருக்கும் தெருக்களில், முதலில் இந்தக் காப்பகங்களைத் திறந்து மாலை ஐந்தரை வரை வைத்திருந்தால், அந்தப் பையன் திண்ணையில் தூளுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியிராது.

மாத நிதி ஆதரவு பற்றி நான் கேட்பது மூன்று, நான்கு விஷயம்தான். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு வருமானமும் வேண்டாம், சொத்தும் வேண்டாம். இறப்புச் சான்றுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாட்டியிடமோ அத்தையிடமோ அந்தப் பிள்ளை வளரும்போது, பாட்டியின் பட்டாவைப் புரட்டுவது அந்தப் பிள்ளையை வைத்துக்கொள்ளாதே என்று பாட்டியிடம் சொல்வதற்குச் சமம். ஒருவரை இழந்த பிள்ளைக்கு வருமானம் பார்க்கலாம். ஆனால் தாயின் கைக்கு வருவதை மட்டும் பாருங்கள். பாகம் பிரியாத நிலம், கூட்டுப் பட்டா, மாமனார் பேரில் இருக்கும் வீடு, பிள்ளை பேரில் இருப்பதால் விற்க முடியாத சொத்து, இவை எதையும் வருமானமாக மாற்றி எழுதக் கூடாது என்று வருவாய்த் துறைக்கு ஒரு சுற்றறிக்கை போதும். இதற்குச் சட்டம் இயற்ற வேண்டியதில்லை. கிராம நிர்வாக அலுவலருக்கும் அது நிம்மதி. தணிக்கையில் காட்ட ஒரு காகிதம் கையில் இருக்கும். தாயின் சொந்த உறுதிமொழியை ஏற்றுக்கொண்டு முதலில் பணத்தை அனுப்புங்கள், சந்தேகம் வந்தால் பிறகு விசாரியுங்கள். வருமான வரி கட்டுகிறவர், அரசு ஊழியர் பட்டியல் எல்லாம் கணினியில் இருக்கின்றன. அவர்களை வடிகட்ட யாரும் தெருத் தெருவாக அலைய வேண்டியதில்லை.

72,000 என்ற கோட்டை ஒன்றிய அரசு உயர்த்த வேண்டும். அதுவரை காத்திருக்காமல் மாநில அரசு தன் பணத்தில் அந்த இடைவெளியை நிரப்பலாம். 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவர் இறந்து மற்றவரால் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 தருகிறார்கள். இந்தத் திட்டத்தின் கை இன்னும் கொஞ்சம் நீள வேண்டும். தாய் உடம்புக்கு முடியாமல் படுத்தால்தான், சிறைக்குப் போனால்தான், விட்டுவிட்டுப் போனால்தான் பிள்ளைக்கு உதவி என்றில்லாமல், உயிரோடு இருந்து, நாளைக்கு எழுநூறு பீடி சுற்றி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் தாயின் பிள்ளைக்கும் அதில் இடம் வேண்டும்.

கார்த்திகையில் மறுபடி அந்தப் பக்கம் போனேன். பிசான நடவு நடந்துகொண்டிருந்தது. வருமானச் சான்றை மாற்றித் தரக் கேட்டுப் புது மனு போட்டிருப்பதாகச் சொன்னார்; மறுபடி அறுபது ரூபாய். பழைய சான்றுக்கு ஒரு வருடம் முடியும்வரை காத்திருக்கலாமே என்று யாரோ சொன்னார்களாம். மகளுக்கு அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்பு. அதற்குமேல் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டும்.

சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தார். காலில் சேறு காயவில்லை. நடவுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். எந்த வயல் என்று கேட்டேன். அந்த அறுபத்து நாலு சென்ட்தான்.

“கூலி எவ்வளவும்மா?”

“குடும்ப வயலுல்லா அண்ணாச்சி” என்றார். “அதுக்குக் கூலி யாரு தருவாவ.”